லொவெல் நகரமும் பருத்தித் தோட்டமும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றங்கரையில், 1820ஆம் ஆண்டளவில் இருந்தவை சில பண்ணை வீடுகள்தான். 1822இல் அங்கே நெசவாலை கட்டத் தொடங்கினார்கள். ஆற்றுத் தண்ணீர்தான் இயந்திரத்தைச் சுற்றியது. 1850இல் அந்த லொவெல் நகரில் 33,000 பேர்!

இத்தனை சனம் எங்கிருந்து வந்துச்சு? முதலில் வந்தவர்கள் பண்ணை வீட்டுக் குமரிப் பெண்கள். முன்பு வீட்டிலேயே நூல் நூற்றுத் துணி நெய்தவர்கள். ஆலைத் துணி மலிவாக வந்ததும் அந்த வேலை படுத்துவிட்டது. ஆலையில் நாளுக்கு 12, 13 மணித்தியாலம் வேலை. எழும்பவும் மணி, சாப்பிடவும் மணி. தங்கும் விடுதியும் கம்பெனியுடையதே. (எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்கவா வேணும்?)

1834இல் சம்பளத்தைக் குறைத்தபோது சுமார் 800 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். பலிக்கவில்லை. 1836இல் விடுதிக் கட்டணத்தைக் கூட்டினார்கள். அதுவும் சம்பள வெட்டுத்தானே! இம்முறை இன்னும் கூடுதலானோர் வெளியே வந்தார்கள். சில ஆலைகள் கூட்டியதைக் கைவிட்டன. பிறகு, பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துச் சனங்கள் அந்த வேலைகளுக்கு வந்தார்கள்.

பருத்தியோ தெற்கு மாநிலத் தோட்டங்களிலிருந்து வந்தது. பறித்தவர்கள் கறுப்பின அடிமைகள். லொவெலும் இங்கிலாந்து ஆலைகளும் பருத்தி கேட்கக் கேட்க, 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் தொகை 1860இல் கிட்டத்தட்ட 40 லட்சமாச்சு. லொவெலில் நெய்த முரட்டுத் துணியைத் தோட்ட முதலாளிமார் வாங்கி, அந்த அடிமைகளுக்கே உடுக்கக் கொடுத்தார்கள். அந்தத் துணிக்கு அங்கே ‘லொவெல்’ என்றே பேர்.