‘பேசி முடிச்சுக்கலாம்’ என்றால் ஏமாறாதீர்கள்

பள்ளியில் பிள்ளை அடிபட்டு வந்தால் பெற்றோர் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சத்தம் போடுகிறார்கள். அவர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் ‘பேசி முடித்து’ அனுப்பிவிடுகிறார். எழுத்தில் ஒரு வரிகூட இருக்காது. அடுத்த அடி பலமாக விழும்போது, முன்பு நடந்ததற்கு ஆதாரம் எங்கே?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவர்கள் கொடுமைப்படுத்துவதாகப் பள்ளியில் புகார் சொன்ன பிறகு நடந்தது இது. பள்ளியோடு புகாரை நிறுத்தினால் போதாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

செய்ய வேண்டியது இதுதான். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அடித்தது யார், எங்கே என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். ‘கீழே விழுந்துட்டான்’ என்று சொல்லிவிடாதீர்கள். வழக்கு அங்கேயே செத்துவிடும்.

அடுத்து, தேதி, நேரம், இடம், பார்த்தவர்கள் விவரத்தோடு புகாரை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைப் பள்ளியில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். அன்றே காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வராமல் கிளம்பாதீர்கள்.

‘சின்னப் பையன், கேஸ் போட முடியாது’ என்பார்கள். பாதி உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பும் வேலை இது. 18 வயதுக்குட்பட்டவர் செய்தது கொடுங்குற்றமாக இல்லையென்றால் பொதுவாக எஃப்.ஐ.ஆர். கிடையாது. ஆனால் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஸ்டேஷனில் இருக்கும் குழந்தை நலக் காவல் அலுவலரைக் கேளுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். ‘அந்தப் பையன் வாழ்க்கை வீணாகுமே’ என்று தயங்க வேண்டாம். குழுமம் அவனைச் சிறைக்கு அனுப்பாது, திருத்தத்தான் பார்க்கும்.

அடித்தவர் ஆசிரியர் என்றாலும் விடாதீர்கள். உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

பாலியல் குற்றத்தில் சமரசம் பேசவே கூடாது. விஷயம் தெரிந்தவர் எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைப் பள்ளியின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். ஸ்டேஷனுக்கு அலையவிடத் தேவையில்லை.

வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். மீண்டும் சொல்கிறேன்: வாயால் சொன்ன புகார் புகாரே அல்ல. எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள்.