பழைய மேசைக்கணினிக்கான தாய்ப்பலகை
பழைய மேசைக்கணினி ஒன்றை மீண்டும் உருவாக்க முதலில் தேவைப்படுவது பொருத்தமான தாய்ப்பலகை (மதர்போர்டு) ஆகும். எந்தச் செயலி, எந்த நினைவகம், எந்த அட்டைகள் பொருந்தும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தினருக்குப் பழைய மின்னணுப் பாகங்களைத் தேட அருகிலுள்ள பெரிய சந்தை, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு ஆகும்.

1980-களின் ஒலி அட்டைகளுக்கு ஐஎஸ்ஏ செருகுவாய் உள்ள பலகை வேண்டும். 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் வடிவமைப்பை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய ஏடி பலகைகளின் மின் இணைப்பு வேறானது. அவற்றின் இரு மின் இணைப்பிகளையும் கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து அமையுமாறு செருக வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை பழுதாகலாம்.

386, 486 வகைப் பலகைகள் பலவற்றில் பற்றவைக்கப்பட்டுள்ள நிக்கல்-காட்மியம் மின்கலம் நாளடைவில் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கும். எனவே வாங்கும் முன் மின்கலத்தைச் சுற்றிப் பச்சைப் படிவு உள்ளதா எனப் பார்ப்பது அவசியம்.