கதிர் முற்றாத வயல்

காவிரியின் தேக்கநீர் நாகமரைப் பக்கமாக வந்து கரையைத் தொட்டு நிற்கும் ஏரியூர் வட்டாரத்தில், மானாவாரி நிலத்தில் ராகியும் நிலக்கடலையும் விதைத்து ஆகாயத்தை நம்பி வாழும் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் அணுகுண்டால் சர்வநாசமாவதைக் கைப்பேசியின் சிறு திரையில் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு அண்மையில் வாய்த்தது. 1984 செப்டம்பர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய அந்த நாடகத்தின் பெயர் ‘த்ரெட்ஸ்’. இழைகள் என்று பொருள். பாரி ஹைன்ஸ் எழுத, மிக் ஜாக்சன் இயக்கினார். சிலந்தி ஒன்று வலை பின்னும் காட்சியில் தொடங்கி, ரூத் என்ற பெண்ணும் ஜிம்மி என்ற இளைஞனும் கலியாணத்துக்கும் புது வீட்டுக்கும் ஆயத்தமாவதைச் சாவதானமாகக் காட்டுகிறார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஈரான் தேசத்து நெருக்கடியைப் பற்றிய செய்திகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கின்றன. வெகுநாள்வரை ஒருவரும் அவற்றைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த அலட்சியத்தைக் கண்டபோதுதான் எனக்கு முதன்முதலாக நெஞ்சு படபடத்தது.

இதற்கு முந்தைய ஆண்டு, 1983 நவம்பர் 20 அன்று, அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் நிகோலஸ் மேயர் இயக்கிய ‘தி டே ஆஃப்டர்’ என்ற படத்தை ஒளிபரப்பியது. கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற சிறு நகரமும், ஏவுகணைக் கிடங்குகளுக்கு அண்டையில் வாழும் குடியானவர்களுமே அதன் கதைக்களம். அன்றிரவு ஏறத்தாழ 10 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். குண்டுகள் விழுந்த காட்சிக்குப் பிறகு படம் முடியும்வரை ஒரு விளம்பரம்கூட இல்லை. முன்கூட்டியே அதைப் பார்த்த ஜனாதிபதி ரீகன், தம் மனம் மிகவும் சோர்ந்துபோனதாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக 1965-ல் பீட்டர் வாட்கின்ஸ் எடுத்த ‘தி வார் கேம்’ படத்தையோ, அதைத் தயாரித்த பி.பி.சி.யே தொலைக்காட்சியில் காட்ட அஞ்சி இருபது ஆண்டுகள் ஒளிபரப்பாமல் வைத்திருந்தது.

குண்டு விழும் காட்சிகள் கோரமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘த்ரெட்ஸ்’ நாடகத்தின் மெய்யான பயங்கரம் அதற்குப் பிந்திய பதின்மூன்று ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வெளிச்சம் குன்றிய வயல்களில் மனிதர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு அரைகுறை விளைச்சலைப் பொறுக்குகிறார்கள். ரூத் இளவயதிலேயே கிழவியாகி, கண்புரை மூடி, உழைத்த வயலிலேயே சாய்கிறாள். அவளுக்குப் பின் வந்த குழந்தைகள் முழு வாக்கியம் பேசத் தெரியாமல், துண்டு துண்டான சொற்களை உதிர்க்கிறார்கள்.

வெளிச்சம் ஏன் குன்றியது என்பதை 1983-ல் கார்ல் சேகனும் அவருடைய சகாக்களும் விளக்கியிருந்தார்கள். நகரங்கள் பற்றி எரியும்போது எழும் கரும்புகை, மேகமண்டலத்தையும் தாண்டி, மழை கழுவ முடியாத உயரத்துக்குச் சென்று நெடுநாள் தங்கிச் சூரிய கிரணங்களை மறைத்துவிடும். ஆலன் ரோபோக் முதலிய விஞ்ஞானிகள் 2007-ல் வெளியிட்ட கணக்கு நமக்கு இன்னும் அருகில் வருகிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா குண்டின் அளவுள்ள நூறு குண்டுகளை நகரங்களின்மேல் வீசிக்கொண்டால், சுமார் 50 லட்சம் டன் கரி மேலே சென்று, உலகத்தின் சராசரி வெப்பம் ஒன்றேகால் டிகிரி குறையும் என்றார்கள் அவர்கள். கோடையில் நிலம் காய்ந்து சூடேறுவதும், கடலிலிருந்து ஈரக்காற்று அதை நோக்கி வருவதுமே நம் பருவமழையின் சூட்சுமம். நிலம் சூடேறாவிட்டால் அந்தக் காற்று வலுவிழக்கும். எந்த எதிரியின் வரைபடத்திலும் இடம்பெறாத ஏரியூர், குண்டுச் சத்தத்தைக் கேளாமலே தன் ராகியை இழக்கக்கூடும்.

ஏரியூரும் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியும் ஒரே சேலம் ஜில்லாவில் இருந்த நாளில், தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி இந்த ஆபத்தைத் தமக்கே நேர்ந்ததாக எண்ணித் துடித்தார். 1962-ல், எண்பத்துமூன்று வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டனுக்குப் பிரயாணம் செய்து, அணுகுண்டுப் பரிசோதனைகளை நிறுத்தும்படி ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வாதாடினார். மறு ஆண்டு வல்லரசுகள் பகுதிப் பரிசோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தக் கிழவரின் சொல்லுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று அளக்க நான் முற்படவில்லை. அவர் போனார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு ராகியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. குண்டு விழுந்தபோது நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பிவிட்டார். வயல் காட்சி வந்ததும் கை நின்றது.

“ஏஞ்சாமி, கதிரு இத்தினியூண்டு நிக்குதே, அங்க மழை பேயலையா?”

“மழை இருக்குது பெரிம்மா. வெயிலுதான் வரல.”

அவர் சற்று நேரம் திரையையே உற்றுப் பார்த்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “வெதைக்காவது எடுத்து வெச்சிருக்கறாங்களா?” என்று கேட்டார்.