ஈ புகாத தகரக் கதவு

அமெரிக்க நாட்டில் பழம்பொருள் விற்கும் கடைகளுக்குச் செல்வோர், கதவெங்கும் சிறு துளைகள் இட்ட தகரத் தகடுகள் பொருத்திய மர அலமாரிகளைக் காணலாம். அவற்றுக்கு ‘பை சேஃப்’ என்று பெயர். பை என்றதும் கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்லும் பையென நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். மாவினால் செய்த ஓட்டினுள் பழத்தையோ இறைச்சியையோ இட்டுச் சுட்டெடுக்கும் பண்டத்துக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். சேஃப் என்பது பெட்டகம். ஒரு தின்பண்டத்தின் பெயரிலேயே பெட்டகம் வைத்தார்கள் என்றால், அதன் மீது அவர்களுக்கு இருந்த பற்றை ஊகித்துக் கொள்ளலாம்.

பற்றுக்குக் காரணமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியா, ஒகையோ, வர்ஜீனியா முதலிய மாநிலங்களின் பண்ணை வீடுகளில் விறகடுப்பைச் சூடேற்றுவதே பெரும் வேலை. ஆகவே இல்லத்தரசியர் ஒரே நாளில் பல பைகளைச் சுட்டு வைத்தனர். நல்ல ஓடு எளிதில் அமைவதன்று. குளிர்ந்த வெண்ணெயையோ பன்றிக் கொழுப்பையோ மாவில் சிறு துணுக்குகளாக நிற்கும்படி உதிர்த்து, தண்ணீரை அளவோடு தெளித்து, பிசையாமல் திரட்ட வேண்டும். அத்துணுக்குகள் உருகிய இடங்களே ஏடு ஏடாகப் பிரிந்து மொறுமொறுக்கும். நம் பரோட்டாவுக்கு அடித்துப் பிசைவது அழகு. இதற்கு அதுவே கேடு.

இத்தனை பாடுபட்டுச் செய்ததை மூடிய பெட்டியில் வைத்தால், பழத்தின் ஈரம் வெளியேற வழியின்றி ஓடு நமுத்துப் போகும், பூசணமும் பிடிக்கும். திறந்து வைத்தால் ஈயும் எலியும் விடுமா? காற்றுக்கு வழி விட்டு இவற்றைத் தடுப்பதற்குக் கண்ட உபாயமே தகரத் துளைகள். நம் நாட்டுப் பழைய வீடுகளில் கம்பி வலை அலமாரியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தி எறும்பைத் தடுத்ததும் இவ்வகை யுக்திதான்.

துளைகளை வெறும் வரிசையாக இட்டிருந்தாலே போதும். ஆயினும் தகர வேலைக்காரர்கள் விண்மீன், இதயம், கழுகு என்று உருவங்கள் தோன்றுமாறு தட்டினார்கள். வர்ஜீனியாவின் வைத் கவுண்டியில் செய்த, பூச்சாடியில் டியூலிப் மலர்கள் நிற்கும் தகடுகளைச் சேகரிப்போர் பெரிதும் போற்றுகின்றனர்.

பனிக்கட்டிப் பெட்டியும், பின்னர் மின்சாரக் குளிர்பெட்டியும் பரவவே, இவ்வலமாரிகள் கொட்டகைக்குச் சென்றன. இன்று அவற்றை விலை கொடுத்து வாங்குவோர் செய்யும் பெரும் பிழை, பழைய வண்ணத்தைச் சுரண்டித் தகரத்தைப் பளபளப்பாக்குவதே. மதிப்புக் குறைவது ஒருபுறம் இருக்கட்டும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். சுரண்டிய தூள் குழந்தைகளுக்கு நஞ்சாகும். பழைய மரத்தில் புதுத் தகரத்தை அடித்து விற்போரும் உளர். தகட்டின் ஓரங்களிலும் உட்புறத்திலும் உள்ள ஆணித் தடங்களைக் கூர்ந்து நோக்குதல் நலம்.

முட்டையும் பாலும் சேர்ந்த பூசணிப் பையை இக்காலத்தில் அலமாரியை நம்பி விடலாகாது. சுட்டெடுத்தபின் 2 மணி நேரத்துக்குள் அது குளிர்பெட்டிக்குச் சென்றாக வேண்டும். சர்க்கரை சேர்த்த ஆப்பிள் பை அப்படியன்று. இரண்டு நாள் வெளியே தாங்கும். நியூ இங்கிலாந்துப் பகுதியில் அதைக் காலை உணவாகவே உண்ணும் வழக்கம் இருந்தது. முதல் நாள் சுட்டதை விடியலில் அலமாரியிலிருந்து எடுத்து வெட்டும்போது, ஓடு அப்போதும் நொறுங்கும்.