நம்பை இயங்க மறுத்தால்...



பைத்தன் மொழியில் சிறு நிரல்கள் எழுதிக் கணக்குப் பார்ப்பவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். பெரிய எண் அட்டவணைகளை விரைவாகக் கணிக்க அதில் ‘நம்பை’ என்றொரு லைப்ரரி உண்டு. எங்கள் வானொலியின் நன்கொடைக் கணக்கை நான் அப்படித்தான் தயாரிக்கிறேன். 2024இல், பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் இரவு, அந்த நிரல் ஓட மறுத்தது. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவியதுதான் நான் செய்த ஒரே காரியம்.

பதற்றத்தில் நம்பையை மூன்று தடவை அழித்து மீண்டும் நிறுவினேன். பயனில்லை. பிறகுதான் யோசித்தேன். வங்கிக் கூற்றும் காசேடும் ஒத்துவராவிட்டால் உடனே திருத்தப் பதிவு போடுவோமா? வித்தியாசம் எங்கே என்றல்லவா தேடுவோம்? இங்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, எந்தப் பைத்தன்? ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தன்கள் இருக்கலாம். ஒன்றில் நிறுவியது மற்றதில் கிடைக்காது. நிரலை ஓட்டும் அதே பைத்தனில் நிறுவ வேண்டும்.

இரண்டாவது, எந்தக் கோப்பு? பைத்தன் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில் தேடும். அங்கே உங்கள் கோப்பு ஒன்றுக்கும் நம்பை என்று பெயர் வைத்திருந்தால், அசலை விட்டு அதையே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எந்தப் பதிப்பு? 2024 ஜூனில் நம்பை 2.0 வெளியானது. பழைய 1ஆம் வரிசையை வைத்துத் தயாரிக்கப்பட்ட துணை லைப்ரரிகள் பல அதனோடு பொருந்தவில்லை. என் சிக்கலும் இதுவே. புதிய மென்பொருள் நம்பையை 2.0க்கு உயர்த்திவிட்டது, பழைய துணை லைப்ரரியோ 1ஐ எதிர்பார்த்தது. நம்பையில் பழுதே இல்லை!

தீர்வு இதுதான். பழையதற்கு ஒட்டுப்போடாமல், தனியாக ஒரு ‘மெய்நிகர் சூழல்’ உருவாக்கி, ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகளை அதில் நிறுவுங்கள். துணை லைப்ரரிக்குப் புதிய பதிப்பு இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் நம்பையை 2.0க்குக் கீழேயே வைத்திருங்கள். பதிப்பு எண்களை மறக்காமல் எழுதி வையுங்கள்.

இன்னுமொன்று. நிரல் ஓடிவிட்டது என்பதால் விடை சரி என்று ஆகிவிடாது. விடை தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நான் முந்தைய ஆண்டுக் கணக்கை மீண்டும் ஓட்டினேன். அது சதம் பிசகாமல் ஒத்த பின்னரே புதிய அறிக்கையை அச்சிட்டேன். நேயர்கள் நம்பித் தந்த காசு அது. ஊகத்தில் கையெழுத்துப் போட முடியாது அல்லவா?