சுத்தியலால் அடித்தும் ஏன் வெடிக்கவில்லை?

போன வாரம் படிவம் 4 வகுப்பு முடிந்து நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் மேசை அருகே வந்து நின்றான். "டீச்சர், நேற்று ஒரு காணொலி பார்த்தேன். அமெரிக்காவில் ஒருவர் துப்பாக்கித் தோட்டாவைச் சுத்தியலுக்குள் வைத்து சிமெண்டுத் தரையில் ஓங்கி அடிக்கிறார். அது ஏன் வெடிக்கவில்லை?" என்றான்.

நல்ல கேள்வி. அன்று நாங்கள் நடத்திய பாடமும் அதுதான். மலாய்ப் பாடநூல் 'இனெர்சியா' என்று சொல்வதைத் தமிழில் நிலைமம் என்கிறோம். சடத்துவம் என்றும் சொல்வதுண்டு.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரு தொகுதி. வெளியே பித்தளை உறை. அதற்குள் வெடிமருந்துத் தூள். உறையின் வாயில் இறுக்கமாகச் செருகிய குண்டு. பெரும்பாலும் ஈயத்தின்மேல் செம்புத் தகடு போர்த்தியிருக்கும். உறையின் அடிப்புறத்தில், நடுவே, பிரைமர் என்னும் சிறு கிண்ணம். துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்தும்போது அதிலிருக்கும் மருந்து நசுங்கித் தீப்பொறி தருகிறது. தூள் எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவே குண்டைத் தள்ளுகிறது.

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களும், குறிபார்த்துச் சுடும் போட்டியில் கலந்துகொள்கிறவர்களும் சுட்டு முடித்த பித்தளை உறைகளைத் திரும்பப் பயன்படுத்துவதுண்டு. புதுப் பிரைமர், அளந்த தூள், புதுக் குண்டு ஆகியவற்றை வீட்டுப் பட்டறையிலேயே ஒரு நெம்புகோல் எந்திரத்தில் வைத்துத் தோட்டா செய்துகொள்கிறார்கள். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. நான்கு பொருள்களில் பித்தளை உறைக்கே பொதுவாக விலை அதிகம். அதைப் பலமுறை பயன்படுத்த முடிவதால் செலவு மிச்சம்.

நம் நாட்டுச் சட்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்தாலும் குற்றம். சிங்கப்பூரிலும் அப்படித்தான். ஆகவே இது காணொலியில் பார்த்து, தாளில் கணக்குப் போட வேண்டிய பாடம். கையால் செய்து பார்க்க வேறொரு சோதனை கடைசியில் இருக்கிறது.

ஒரு தோட்டாவில் சந்தேகம், நூறையும் பிரிக்க வேண்டும்

செய்து முடித்த தோட்டாவை ஏன் மறுபடி பிரிக்க வேண்டும்? தவறு நடந்துவிட்டது என்ற சந்தேகம்தான் காரணம்.

ஒருவர் மாலையில் உட்கார்ந்து 100 தோட்டாக்கள் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொலைபேசி மணி அடிக்கிறது. திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் மனத்தில் உறுத்துகிறது: அந்த ஓர் உறையில் தூளைப் போட்டோமா, இல்லையா? இரண்டு முறை போட்டுவிட்டோமா?

தூளே போடவில்லை என்றால், சுடும்போது பிரைமரின் சிறு வெடிப்பு மட்டும் குண்டைத் தள்ளும். அது குழாயின் பாதி வழியில் சிக்கி நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாய் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

இரு மடங்கு தூள் போட்டிருந்தால் ஆபத்து வேறு விதம். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழில்துறை வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2,400 மடங்கு; அப்பாவின் காரில் டயருக்கு ஏற்றும் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். தூள் இரு மடங்கானால் அழுத்தமும் இரு மடங்குதானே என்று நினைக்க வேண்டாம். அழுத்தம் கூடக்கூட இந்தத் தூள் இன்னும் வேகமாக எரியும் தன்மையுடையது. வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் கூடும். இப்படி ஒன்றையொன்று தூண்டுவதால் அழுத்தம் இரு மடங்கையும் தாண்டிப் போய்விடும். துப்பாக்கி கையிலேயே சிதறும். விரல்களையும் கண்ணையும் இழக்க நேரிடலாம்.

"தராசில் நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" இதுவும் வகுப்பில் வந்த கேள்விதான். கேட்ட மாணவி கெட்டிக்காரி. ஆனால் அளவீட்டுப் பாடம் இங்கே குறுக்கே வருகிறது. இந்த அளவுத் தோட்டாவில் தூளின் எடை சுமார் 5 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், பழைய காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து வந்த அளவு, நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி போல. ஆகத் தூள் சுமார் 0.3 கிராம்தான். பித்தளை உறையோ ஏறக்குறைய 4 கிராம், குண்டு 8 கிராம். வெவ்வேறு நிறுவனங்களின் உறைகள் ஒன்றுக்கொன்று சில கிரெய்ன்கள் வேறுபடும். குண்டுகளும் துல்லியமாக ஒரே எடையில் இருப்பதில்லை. நாம் தேடும் வித்தியாசம் 5 கிரெய்ன். உறையும் குண்டும் தாமாகவே காட்டும் வித்தியாசமும் கிட்டத்தட்ட அதே அளவு. தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் எது தூளின் வித்தியாசம், எது பித்தளையின் வித்தியாசம் என்று அது சொல்லாது. சந்தையில் மாம்பழத்தை நிறுத்துக் கொட்டையின் எடையைச் சொல்ல முயல்வது போன்ற வேலை.

ஆகவே நூறையும் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

யாரும் இழுக்கவில்லை

குறட்டால் பிடித்து இழுக்கலாமே என்றால், குண்டு நசுங்கிப் பாழாகும். நீண்ட துப்பாக்கியின் தோட்டாவில் குண்டு உறைக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருப்பதால், அதைக் கவ்விப் பிடித்து இழுக்கத் தனிக் கருவி உண்டு. கைத்துப்பாக்கிக் குண்டு குட்டையானது, முனை உருண்டையானது. கவ்வப் பிடி கிடைக்காது. அதனால்தான் அந்தச் சுத்தியல்.

அதன் தலை கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது, உள்ளே வெற்றிடம். தோட்டாவை அதற்குள் குண்டு முன்னோக்கி, அதாவது அடிக்கும் முகத்தை நோக்கி, இருக்குமாறு வைக்கிறார்கள். உறையின் அடிவிளிம்பை மட்டும் ஒரு வளையம் பிடித்துக்கொள்கிறது. பிறகு சுத்தியலைக் கெட்டியான கட்டையிலோ சிமெண்டுத் தரையிலோ ஓங்கி அடிக்கிறார்கள். சுத்தியல் நிற்கிறது. அதோடு பிணைந்த உறையும் நிற்கிறது. குண்டு மட்டும் போன வேகத்திலேயே போகப் பார்க்கிறது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் சொன்ன முதல் விதி இதுதான். பேருந்து ஓட்டுநர் திடீரென பிரேக் போடும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்வதும் இதனால்தான்.

இப்போது கணக்கு. சுத்தியல் தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 8 மீட்டர் என்றும், அரை மில்லிமீட்டர் தூரத்துக்குள் அது நின்றுவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் படித்த சமன்பாட்டின்படி, வேகத்தின் வர்க்கத்தை தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 64-ஐ 0.001-ஆல் வகுத்தால் 64,000. வினாடி வர்க்கத்துக்கு 64,000 மீட்டர் எதிர்முடுக்கம்! குண்டின் நிறை 8 கிராம், அதாவது நம் வீடுகளில் சொல்கிற ஒரு பவுன். 0.008-ஐ 64,000-ஆல் பெருக்கினால் 512 நியூட்டன்.

இந்த 512 நியூட்டன் குண்டை வெளியே இழுக்கும் விசை அல்ல. பலர் இங்கேதான் தவறுகிறார்கள், தேர்வுத் தாளிலும் கூட. உறையோடு சேர்ந்து குண்டும் நிற்க வேண்டுமானால், உறையின் வாய் அதைப் பிடித்து நிறுத்தத் தேவையான விசை இது. ஏறக்குறைய 52 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவனைத் தொங்கவிட்டுத் தாங்குவதற்குச் சமம். உறையின் பிடி அவ்வளவு தாங்காவிட்டால் குண்டு வழுக்குகிறது. இந்த மோதல் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. அதனால் ஓர் அடியில் குண்டு கொஞ்சம்தான் நகரும். சில அடிகளில் கழன்று, தூளோடு சுத்தியலின் வயிற்றுக்குள் விழுந்துவிடும்.

அதே சுத்தியலை மெத்தை விரிப்பின்மேல் அடித்தால்? நிற்கும் தூரம் 5 மில்லிமீட்டர் ஆகிறது, பத்து மடங்கு. தேவைப்படும் விசை 51 நியூட்டனாகக் குறைந்துவிடும். உறை அதைச் சுலபமாகத் தாங்கும்; குண்டு அசையாது. நிறையையும் மாற்றிப் பாருங்கள். 15 கிராம் எடையுள்ள பெரிய குண்டு ஓரிரு அடியிலேயே வெளியே வந்துவிடும். நாலரை கிராம் குண்டுக்குக் கை வலிக்க வலிக்க அடிக்க வேண்டும். பெரியது கடினம், சிறியது சுலபம் என்று நாம் நினைப்போம். நிலைமம் அதற்கு நேர்மாறாக விடை சொல்கிறது.

சரி, ஏன் வெடிக்கவில்லை? பிரைமர் அதிர்ச்சியால் பற்றுவதில்லை, நசுங்குவதால் பற்றுகிறது. ஊசி ஒரு சிறு புள்ளியில் குழி விழும்படி குத்த வேண்டும். சுத்தியலுக்குள் பிரைமர் பின்பக்கம் பார்த்து, எதையும் தொடாமல் வெறுமனே இருக்கிறது. தூளோ தீயின்றிப் பற்றாது. ஆனால் ரிம்ஃபயர் என்னும் சிறு வகைத் தோட்டாவில் தீப்பொறி மருந்து நடுவில் இல்லை. அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. வளையம் கவ்விப் பிடிப்பது அதே விளிம்பைத்தான். அதனால் அந்த வகையை இந்தச் சுத்தியலில் வைக்கவே கூடாது. மற்ற வகைகளுக்கும் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடங்க மாட்டார்கள்.

பிரித்தெடுத்த குண்டு மறுபடி பயன்படும். உறையின் வாயை எந்திரத்தில் விட்டு மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம். தூளை மட்டும், இன்ன வகை என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் வைத்துக்கொள்வார்கள். தெரியாவிட்டால் மீண்டும் பயன்படுத்துவதில்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தூள்கள் மிக வேறுபட்ட வேகத்தில் எரியக்கூடும்.

இன்னொன்று. நம் பகுதியில் போர்க்காலத்துக் குண்டுகள் இன்றும் மண்ணுக்கடியில் கிடைக்கின்றன. 2023 செப்டம்பரில் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா பகுதியில் 100 கிலோகிராம் எடையுள்ள இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று கிடைத்து, சுற்றியிருந்த வீடுகளைக் காலி செய்த பிறகே அதை அங்கேயே வெடிக்கச் செய்து அகற்றினார்கள். ஆற்றோரத்திலோ தோட்டத்திலோ துருப்பிடித்த தோட்டா போன்ற ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகி நின்று 999-ஐ அழையுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய சோதனை. நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் மண்வெட்டித் தலை கழன்றால் காம்பின் அடியைத் தரையில் தட்டி இறுக்குவார்களே, அதன் உறவுக்காரச் சோதனை இது. இரும்புக் கடையில் 20 சென்டிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு ஒன்று வாங்குங்கள். அழிப்பானை வெட்டி, குழாயின் மேல்வாயில் இறுக்கமாகச் செருகுங்கள். குழாயை நேராகப் பிடித்து அதன் கீழ்முனையைச் சிமெண்டுத் தரையில் தட்டுங்கள். அழிப்பான் 10 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். அடுத்து, மடித்த துண்டின்மேல் தட்டி எண்ணுங்கள். கடைசியாக, அதே அழிப்பானின் நடுவில் ஓர் இரும்புத் திருகாணியைச் செருகி மறுபடி சிமெண்டில் தட்டுங்கள். இப்போது நிறை கூடியிருக்கிறது. மூன்று எண்களையும் தட்டுவதற்கு முன்பே ஊகித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.