தங்கவயலும் கனிவளப் பதிவேடும்

பெங்களூரிலிருந்து கிழக்கே செல்லும் இருப்புப்பாதையில் பங்காருப்பேட்டையை அடைந்ததும் ஒரு கிளைப்பாதை பிரிகிறது. 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாதை ஊரிகம், சாம்பியன் முதலிய நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. விடியற்காலையில் அவ்வழியே பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோரின் பேச்சைச் செவிமடுத்தால், நாம் தமிழகத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்பதே மறந்துபோகும். அவர்களுள் பலர் ராபர்ட்சன்பேட்டையில் வாழ்பவர்கள். மைசூர் அரசவையில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்டு ராபர்ட்சன் பெயரால் அமைந்த இந்நகரம், கோலார் தங்கவயலின் கடைவீதியாக வளர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய நம்மவரின் வழித்தோன்றல்களே இன்றும் இங்குப் பெரும்பான்மையோர்.

இந்நகரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மேடுகள் பல நிற்கின்றன. அவை இயற்கையான குன்றுகள் அல்ல. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட பாறைத்தூளே நூறாண்டுகளுக்கு மேலாகக் குவிந்து இவ்வாறு மேடாயிற்று. இவ்வூரார் இவற்றைச் சயனைடு மேடு என்பர். மேட்டின்கீழ் உள்ள நிலமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்குக் குடையப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர். இத்தனை பொன் இங்கே இருந்தது என்பதை முதலில் எழுதிவைத்தவர் யார்? இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை எந்த ஏட்டில் காண்பது? ஒரு நாடு தன் கனிவளத்தை அறிந்து, படம் வரைந்து, பட்டியலிடும் முறையைத் தங்கவயலைச் சான்றாகக் கொண்டு நாம் காண்போம்.

கிராமத்தை அறிந்த நேயர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஊர்க்கணக்கரிடம் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று புலப்படம், எந்த வயல் எங்கே, அதன் எல்லை யாது என்பதை அது காட்டும். மற்றொன்று அடங்கல், அந்த வயலில் இவ்வாண்டு நிற்பது நெல்லா, கேழ்வரகா, அன்றித் தரிசா என்பதை அது கூறும். படம் பெரும்பாலும் மாறாது. அடங்கலை ஆண்டுதோறும் எழுதியாக வேண்டும். கனிவளத்திற்கும் இவ்விரண்டும் உண்டு. நிலவியல் வரைபடம் என்பது பாறைகளின் புலப்படம். கனிவளப் பதிவேடு என்பது அவற்றின் அடங்கல். இவற்றுள் ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிடில் பயன் குறைவு.

தங்கவயலின் முதற்பதிவு, எல்லை அளக்க வந்த ஒருவரால் நேர்ந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை வரையறுக்க அனுப்பப்பட்டவர்களுள் லெப்டினன்ட் ஜான் வாரன் ஒருவர். 1802-இல் ஊரிகத்தின் பக்கம் வந்தபோது, இங்குள்ள மண்ணில் பொன் கிடைக்கிறது என்னும் பேச்சு அவர் காதில் விழுந்தது. மெய்யாகப் பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார். சிற்றூர் மக்கள் மண்ணை வண்டியேற்றிக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே நீரில் அரித்துப் பொன்துகளைக் காட்டினர். மாரிகுப்பத்தில் மக்கள் குழிகளில் இறங்கிப் பாறையை உடைத்து வருவதையும் அவர் கண்டார். கண்டவற்றை எழுதினார், 1804-இல் அது அச்சேறியது.

அச்சேறிய செய்தி அறுபத்தேழு ஆண்டுகள் பெரும்பயன் தராமல் கிடந்தது. 1871-இல் மைக்கேல் லாவெல் என்பவர் அதனைப் படித்தார். அயர்லாந்தில் பிறந்து, நியூசிலாந்துப் போரில் பணியாற்றிப் பின் பெங்களூரில் தங்கிய போர்வீரர் அவர். அக்கட்டுரையே வழிகாட்டியாக மாட்டுவண்டியில் கோலார்ப் பகுதிக்குச் சென்று, மண்ணையும் பாறையையும் ஆராய்ந்தார். 1875-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்தனர். முதலில் இறக்கிய பணமெல்லாம் கரைந்துபோகும் நிலையில் இருந்தபோது, பழங்காலத்தார் தோண்டிவிட்டுச் சென்ற குழிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் அடிவரை சென்று தேடினர். அங்கேதான் 'சாம்பியன்' என்று பெயர்பெற்ற பொன்தாங்கிய பாறைநரம்பு அகப்பட்டது. வாரனின் கட்டுரை ஊரைக் காட்டியது. நரம்பு ஓடிய இடத்தைக் காட்டியவை பெயரறியாத முன்னோர் விட்டுச்சென்ற குழிகளே.

இங்ஙனம் ஓரிடத்தில் பொன் இருப்பதை அறிவது ஒன்று. அது ஏன் அங்கே இருக்கிறது, வேறு எங்கே இருக்கக்கூடும் என்பதை அறிவது மற்றொன்று. பின்னதற்கு நாடு தழுவிய படம் வேண்டும். இங்கிலாந்து முழுவதற்கும் அத்தகைய படத்தை வில்லியம் ஸ்மித் 1815-இல் வெளியிட்டார். நம் நாட்டில் 1851-இல் தாமஸ் ஓல்டுஹாம் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வகம் கல்கத்தாவில் தொடங்கிற்று. அதன் தொடக்க நோக்கம் நிலக்கரியைத் தேடுவது. அவ்வாய்வகத்தைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டைத் தமிழர் நன்கறிவர். 1863-இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவரே. தென்னிந்தியப் பாறைகளைக் கால்நடையாகவும் குதிரைமீதும் சென்று படம் வரைந்த அவர், கருநிறப் பாறைப் பட்டைகள் சிலவற்றைச் சுற்றியுள்ள பாறைகளினின்றும் பிரித்தறிந்து, 1880-களில் 'தார்வார்' என்று பெயரிட்டார். பொன் பெரும்பாலும் இப்பட்டைகளிலேயே அமைந்திருத்தலை அறிஞர் உணர்ந்தனர். 1894-இல் மைசூர் அரசும் தனியே ஒரு நிலவியல் துறையை நிறுவியது.

கோலார்ப் பட்டை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டும், சில கிலோமீட்டரே அகன்றும் கிடக்கிறது. இதன் வயது சுமார் 270 கோடி ஆண்டு. கடலடியில் எரிமலைக்குழம்பு பாய்ந்து நீரில் குளிர்ந்தபோது தலையணைபோல் உருண்ட பாறைகளையும் இப்பகுதியில் காணலாம்; அவை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளன.

இனி, படத்தின் அளவையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நாட்டுப்படங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு 50,000 என்னும் அளவையில் வரையப்படுகின்றன. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் அரைக் கிலோமீட்டர். சாம்பியன் பொன்நரம்பின் தடிப்போ சராசரியாக ஒரு மீட்டர்தான். அப்படத்தில் அதை உள்ளவாறே வரைந்தால் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே வரும், தலைமயிரைவிட மெல்லியது. ஆகவே நாட்டுப்படம் 'இங்கே தேடு' என்று மட்டுமே சொல்லும். நரம்பைக் காண, ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற பெரிய அளவையில் சுரங்கப்படம் வேண்டும். துளையிட்டு எடுத்த பாறைத்தண்டுகளைச் சோதித்து, எத்தனை மீட்டர் ஆழத்தில் டன்னுக்கு எத்தனை கிராம் பொன் என்று குறித்தாக வேண்டும். வாரன் மண்ணை அரித்துப் பார்த்ததும் இதுவே, கருவிதான் மாறியிருக்கிறது.

படம் இவ்வாறாயிற்று, பதிவேட்டுக்கு வருவோம். 1948-இல் தொடங்கப்பெற்ற இந்தியச் சுரங்கச் செயலகம் நாகபுரியில் இருந்துகொண்டு தேசியக் கனிவளப் பதிவேட்டைப் பேணி வருகிறது. அதில் ஒவ்வொரு படிவுக்கும் மூன்று இலக்கம் கொண்ட எண் உண்டு. முதல் இலக்கம், தோண்டினால் ஆதாயம் கிட்டுமா என்பதைக் கூறும். இரண்டாவது, தோண்டும் முறை எவ்வளவு ஆராயப்பட்டுள்ளது என்பதைக் கூறும். மூன்றாவது, பூமிக்குள் அது இருப்பது எவ்வளவு உறுதி என்பதைக் கூறும். 111 என்றால் மூன்றிலும் உறுதி. அதுவே மெய்யான இருப்பு. 334 என்றால் மேலோட்டமாகக் கண்டறிந்தது. நம்பிக்கைக்குரிய குறி என்று மட்டும் கொள்ளலாம்.

இவ்வேறுபாட்டை அறியாதார் ஏமாறுவர். 2015 ஏப்ரல் முதல் நாள் கணக்கின்படி நம் நாட்டின் பொன்தாதுப் பாறை 50 கோடியே 18 இலட்சம் டன். இதனைக் கேட்டவுடன் உள்ளம் பூரிக்கும். ஆனால் அதில் உறுதிப்பட்ட இருப்பு 1 கோடியே 72 இலட்சம் டன் மட்டுமே. மற்றவை இன்னும் உரைத்துப் பார்க்கவேண்டியவை. தாதுப்பாறையின் எடையில் பீகார் முதலிடம் பெறுகிறது. அப்பாறையில் அடங்கிய பொன்னின் எடையிலோ கர்நாடகம் முதலிடம் பெறுகிறது. 'அங்கே புதையல், இங்கே புதையல்' என்று செய்தி வரும்பொழுதெல்லாம், அது எந்த எண்ணில் பதியப்பட்டது என்று நாம் கேட்டுப் பழகவேண்டும்.

அடங்கல் ஆண்டுதோறும் மாறுவதுபோல் இப்பதிவேடும் மாறும். தங்கவயலே இதற்குச் சான்று. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கு வந்தது. அதன் துணையால் ஆழம் பெருகியது. 1880 முதல் ஏறத்தாழ 800 டன் பொன் இங்கிருந்து எடுக்கப்பட்டது. ஆழம் கூடக்கூடச் செலவு கூடியது. டன்னுக்குக் கிடைத்த பொன்னோ குறைந்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி அமைந்தது. 2001 பிப்ரவரி இறுதியோடு வேலை நின்றது. அன்று பூமிக்குள் இருந்த பொன் மறைந்துவிடவில்லை. எடுத்தால் ஆதாயமில்லை என்னும் வகுப்புக்கு மாறியது. அதே மாற்றம் ராபர்ட்சன்பேட்டைக் குடும்பங்களில் வேலை போன செய்தியாய் வந்தது. தந்தை இறங்கிய சுரங்கத்தின் வழியே மகன் செல்லவில்லை. பெங்களூர் ரயிலுக்கு ஓடினான்.

இதன் மறுதலையும் உண்டு. கழிவென்று தள்ளிய சயனைடு மேடுகளில் சிறிதளவு பொன் தங்கியிருக்கிறது. விலை ஏறியபின் அவையும் வளமாக எண்ணப்படுகின்றன. பதின்மூன்று மேடுகளை மீண்டும் பக்குவம் செய்யும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் இசைவளித்தது. பொன்னின் அளவை மட்டும் எழுதும் பதிவேடு இங்கே போதாது. காற்றில் எழும் தூசு எப்பக்கம் செல்கிறது, மேட்டிலிருந்து வழியும் மழைநீர் எந்த ஏரியில் சேர்கிறது, மேட்டின் அடியில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பனவும் படத்தில் ஏறவேண்டும்.

மூடிய சுரங்கத்திற்குப் பதிவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மூடியதற்குத்தான் மிகுதியும் வேண்டும். திறந்திருக்கும் சுரங்கத்தை அதில் இறங்குவோர் அறிவர். மூடியதை அறிந்திருப்பது படம் ஒன்றே. 1975 டிசம்பர் 27-ஆம் நாள் தன்பாத்தை அடுத்த சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், மேலிருந்த பழஞ்சுரங்கத்து நீர் உடைத்துப் பாய்ந்து 370-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2002-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பக்கத்துப் பழஞ்சுரங்கம் முடியும் இடத்தைப் பழைய படம் தவறாகக் காட்டியமையால், ஒன்பது தொழிலாளர் வெள்ளத்தில் சிக்கினர். அவர்கள் உயிருடன் மீட்கப்பட்டது நற்பேறு. கைவிடும் சுரங்கத்தின் படத்தை அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்று இங்கிலாந்து 1872-லேயே சட்டமியற்றியதன் காரணம் இதுவே.

தங்கவயலில் இக்கவலை இருமடங்கு. மிக்க ஆழத்தில் பாறைகள் அழுத்தம் தாளாமல் வெடித்துச் சிதறுவதும், அதனால் உயிர்கள் மாய்வதும் இங்குப் பழங்கதை. சுரங்கம் மூடியபின் குடைவுகளில் நீர் நிரம்பியிருக்கிறது. மேலே வீடுகளும் தெருக்களும் பள்ளிகளும் இருக்கின்றன. எந்தத் தெருவின்கீழ் எந்தக் குடைவு ஓடுகிறது என்னும் படம், புதிய வீடு கட்டுவோர்க்கும் பழைய சுரங்கத்தைத் திறக்க நினைப்போர்க்கும் ஒருங்கே வேண்டும். 2023-இல் நம் நாட்டில் தேசிய நிலஅறிவியல் தரவுக் களஞ்சியம் தொடங்கப்பெற்று, நிலவியல் படங்கள் யாவர்க்கும் காணக் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் தாளில் வரைந்த பழஞ்சுரங்கப் படங்கள் செல்லரித்துப் போகுமுன் அவற்றைக் காப்பதும் அதே அளவு இன்றியமையாத பணியாகும்.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மில் எத்தனையோ பேருக்குத் தங்கவயலோடு உறவு உண்டு. வாரனின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. மண்ணை அரித்துக்காட்டிய சிற்றூராரின் பெயர் நிற்கவில்லை. அத்தவறு மீண்டும் நேரவேண்டுவதில்லை. எந்தச் சுரங்கத்தில் எந்த மட்டத்தில் வேலை செய்தோம், எங்கே நீர் கசிந்தது, எங்கே பாறை இடிந்தது, எந்தக் குழி எந்த ஆண்டில் அடைக்கப்பட்டது என்பதை நெஞ்சில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் பலர் இருக்கின்றனர். ஊருக்குச் செல்லும்போது அவர்களை அருகிருத்திக் கேட்டு, இடத்தோடும் ஆண்டோடும் எழுதிவைப்போமாக. வீட்டுப் பெட்டியில் பழைய படமோ குறிப்பேடோ கிடந்தால் அதையும் பேணுவோமாக. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரை அறுபத்தேழு ஆண்டு காத்திருந்து ஒரு நகரத்தையே எழுப்பியது. நாம் இன்று எழுதும் குறிப்பு, அந்நகரத்தார் நாளை அச்சமின்றி வாழத் துணைபுரியக்கூடும்.